கையும் உவமையும்

நம் வட்டத்தில் ஒருவன் எழுதாமல் இருந்தால் அதற்கும் ஒரு விமர்சனம் உண்டு. மௌனம் என்பார்கள், நெருக்கடி என்பார்கள், மொழியின் மீது ஏற்பட்டுவிட்ட அவநம்பிக்கை என்பார்கள். பேனாவை எடுத்ததும் என் வலது கை இறுகி, கட்டைவிரல் உள்ளே மடங்கி, மணிக்கட்டு வளைந்துகொள்ள ஆரம்பித்தபோது இந்த வியாக்கியானங்கள் எல்லாம் எனக்கும் கிடைத்தன. எனக்குள் எழுத மறுக்கிற இன்னொருவன் இருக்கிறான் என்றார் ஒரு நண்பர். மற்றொருவர் நான் ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பதையே காரணமாக்கினார்: ஏழு மதிலுக்குள் இருக்கிறவனுக்கு எப்படி வெளியே வரும்? கேட்க நன்றாகத்தான் இருந்தது. கைக்கு அதனால் பிரயோஜனம் எதுவுமில்லை.

அதே கை சைக்கிள் பிரேக்கைப் பிடித்தது, சட்டைப் பித்தானைப் போட்டது, காப்பியை ஆற்றியது. எழுத்து என்ற ஒரே காரியத்தில்தான் முரண்டு பிடித்தது. ரைட்டர்ஸ் கிராம்ப் என்று இதற்குப் பெயர். நெடுங்காலம் வைத்தியர்களும் இதை மனக்கோளாறு என்றே பெரும்பாலும் நினைத்தார்கள். 1982இல் லண்டனில் ஷீஹி, மார்ஸ்டன் என்ற இருவர் நோயாளிகளைக் கவனமாகப் பரிசோதித்து, இது டிஸ்டோனியா எனப்படும் நரம்பியல் கோளாறு என்று எழுதினார்கள். மடக்குகிற தசைக்கும் நீட்டுகிற தசைக்கும் ஒரே நேரத்தில் மிகையான ஆணை போகிறது. இரண்டும் கீழ்ப்படிகின்றன. மறுப்பு என்று நண்பர் சொன்னது உண்மையில் அளவு மீறிய கீழ்ப்படிதல்.

தில்லைநகரில் ஒரு நரம்பியல் மருத்துவர் முன்கையில் ஊசி போட்டார். "சார், பேனாவைப் பிடிங்க, எதையாவது எழுதுங்க" என்றார். ஊசியோடு இணைத்திருந்த கருவியிலிருந்து, தகரக் கூரையில் மழை விழுவதுபோல ஒரு சத்தம் வந்தது. தசை வேலை செய்கிற சத்தம். எங்கே மழை பலமாகக் கேட்டதோ அங்கே மருந்தைச் செலுத்தினார். மருந்து என்பது போட்டுலினம். மனிதன் அறிந்த விஷங்களில் மிகக் கொடியவற்றில் ஒன்று.

அது என்ன செய்கிறது என்பதை வாசித்துத் தெரிந்துகொண்ட சில வாரங்கள், கவிதை வாசித்த எந்த வாரத்துக்கும் குறைந்தவையல்ல. நரம்பின் முனையில் நுண்ணிய பைகள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் விட்டமும் சுமார் 40 நானோமீட்டர்; உள்ளே அஸிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் சில ஆயிரம் மூலக்கூறுகள். ஆணை வந்ததும் கால்சியம் உள்ளே நுழைகிறது. பையின் சவ்வும் நரம்பின் வெளிச்சவ்வும் ஒன்றாகக் கலந்து, பையிலிருந்தது வெளியே கொட்டுகிறது, தசை சுருங்குகிறது. சவ்வுகள் தாமாகக் கலப்பதில்லை. பையில் ஒரு புரதம், சினாப்டோப்ரெவின். எதிர்ச் சவ்வில் இரண்டு: சின்டாக்ஸின், ஸ்னாப்-25. மூன்றும் கயிறு திரிப்பதுபோல ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ள, அந்த முறுக்கின் இழுப்பில் இரு சவ்வுகளும் நெருங்கி ஒன்றாகின்றன.

போட்டுலினம் ஏ என்ற வகை வெட்டுவது ஸ்னாப்-25ஐ. 206 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியில் கடைசி 9ஐ மட்டும் நறுக்கிவிடுகிறது. அவ்வளவுதான். கயிறு சரியாக முறுக்கிக்கொள்வதில்லை. பைகள் வாசல்வரை வந்து நின்றுவிடுகின்றன. இது 1993இல் தெரிந்தது. அதே ஆண்டில்தான் ராத்மனின் குழு இந்த மூன்று புரதங்களும் சேர்ந்தே இயங்குகின்றன என்று காட்டியது. விஷம் எதைத் தேடிப்போய் வெட்டுகிறது என்பதே அந்தப் புரதங்களின் முக்கியத்துவத்துக்குச் சாட்சியாயிற்று. ஈஸ்ட்டில் இந்தப் போக்குவரத்தை ஆராய்ந்த ஷெக்மன், நரம்பில் கால்சியத்தின் பங்கை விளக்கிய ஸூதோஃப், ராத்மன் மூவருக்கும் 2013இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. முறுக்கிக்கொள்ளும்போது இந்தப் புரதங்கள் புதிதாகச் சக்தி எதையும் செலவழிப்பதில்லை. வேலை முடிந்தபின் முறுக்கைப் பிரித்து மீண்டும் தயாராக்குவதற்கு என்எஸ்எஃப் என்ற தனிப் புரதம் வேண்டும். அதுதான் செல்லின் எரிபொருளைச் செலவழிக்கிறது. சேர்வது எளிது; பிரிவதற்குத்தான் செலவு.

இங்கே நண்பரின் ஏழு மதிலுக்கு வருகிறேன். ஸ்ரீரங்கத்தின் மதில்களில் வாசல்கள் உண்டு. மதில் மதிலாகவே இருக்க, மனிதர்கள் வாசல் வழியே போய் வருகிறார்கள். வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறப்பதும் அப்படித்தான். செல்லிலிருந்து இந்தப் பைகள் வெளியேற அப்படி ஒரு கதவு இல்லை. சுவரும் சுவரும் ஒன்றாகிவிடுவதே வெளியேற்றம். உவமை அழகாக இருந்தது, பொருள் வேறாக இருந்தது. நோயைப் படிமமாக்காதீர்கள் என்று 1978இல் ஸூஸன் ஸோண்டாக் எழுதியதை நாம் எல்லாரும் மேற்கோள் காட்டியிருக்கிறோம். ஆனால் அடுத்தவன் கை இறுகினால் படிமம்தான் முதலில் வருகிறது. படிமத்தின் மீது எனக்குப் பகையில்லை. பொருளை விசாரித்த பிறகு வரட்டும் என்கிறேன்.

அப்படி விசாரித்த கவிஞர் ஒருவர் இருந்தார். ஜெர்மனியின் யுஸ்டினுஸ் கெர்னர் வைத்தியரும்கூட. அவருடைய கவிதைகளுக்கு ஷூமன் இசையமைத்திருக்கிறார். கெட்டுப்போன இறைச்சிப் பண்டத்தைத் தின்று மனிதர்கள் உடல் தளர்ந்து செத்ததைக் கண்ட கெர்னர், அதைப் பாவம் என்றோ சாபம் என்றோ எழுதவில்லை. விஷத்தைப் பிரித்தெடுத்து, மிருகங்களுக்குக் கொடுத்து, தானும் ருசி பார்த்தார். மிகச் சிறிய அளவில் இது அடங்காத நரம்பைச் சாந்தப்படுத்தும் மருந்தாகலாம் என்று 1822இல் அச்சிட்டார். ஸான் ஃப்ரான்ஸிஸ்கோவில் ஆலன் ஸ்காட் அதே விஷத்தால் மனிதர்களின் மாறுகண்ணைச் சரிசெய்து 1980இல் முடிவுகளை வெளியிட்டார். இடையில் 158 ஆண்டுகள்.

முதல் ஊசிக்குப் பின் விரல்கள் தளர்ந்து பேனா நழுவியது. இரண்டாவது முறை அளவைக் குறைத்தார்கள், கை திறந்தது. நிரந்தரமாக அல்ல. சுமார் மூன்று மாதத்தில் நரம்பு தன்னைச் சீர்செய்துகொள்கிறது, பைகள் மறுபடி கொட்டத் தொடங்குகின்றன, நான் மறுபடி காவிரிப் பாலம் தாண்டிப் போகிறேன். ஒரு கட்டுரையோ நாலு கவிதையோ, இந்தத் தவணைக்குள் முடித்தாக வேண்டும். எழுத்துக்கு உத்வேகம் வேண்டும், தரிசனம் வேண்டும் என்றெல்லாம் நாம் எழுதியிருக்கிறோம். ஒரு தசை தளர வேண்டும் என்று யாரும் எழுதியதாக நினைவில்லை.

இதைக் கையால்தான் எழுதினேன். ஊசி போட்டு ஐந்து வாரம் ஆகிறது.