ஒன்பது வகைப் பலகாரமும் கடைசிப் பத்து இரவுகளும்



நோன்பு இருபதை நெருங்குகிறது. இன்னும் இரண்டொரு நாளில் எங்கள் வீடுகளில் முட்டை அடிக்கிற பீட்டர் சத்தம் தொடங்கிவிடும். அதற்கு முன்னர் இதை எழுதிப் போடுவோம் என்று வீட்டில் பேசி முடிவெடுத்தோம். இன்னும் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான் என்று தெரியும். வெளியில் சொல்லத்தான் எல்லோருக்கும் கூச்சம்.

சென்ற நோன்புப் பெருநாளைக்கு நாங்கள் செய்தது ஒன்பது வகை. ஞானகத்தா, பட்டர் பிஸ்கட், பட்டர் கேக், தொதல், மஸ்கட், கொக்கிஸ், முறுக்கு, பயற்றம் உருண்டை, கடைசியாக வட்டிலப்பம்.

எங்கள் வீட்டில் வேலைக்குப் போகும் பெண்கள் இருவர். இருவருமே ஆசிரியைகள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக் காலத்தில் விடுமுறை. நாங்கள் படிப்பிப்பது தமிழ்ப் பாடசாலையில். அங்கே வழக்கம்போலப் பாடசாலை நடக்கும். காலை 7.30க்குக் கையொப்பம். பின்னேரம் வந்தால் கஞ்சி, இஃப்தார், தராவீஹ். பலகார வேலை தொடங்க இரவு பத்தாகிவிடும்.

தொதல் என்றால் அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் சர்க்கரையையும் சேர்த்து எண்ணெய் கக்கும்வரை மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். கொக்கிஸ் அச்சின் சூடு சரியில்லாவிட்டால் மா அச்சை விட்டுக் கழராது. ஞானகத்தாவைத் தட்டுத் தட்டாக அவனில் வைத்து எடுக்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் அடி கறுத்துவிடும். எல்லாம் முடிய ஸஹர் நேரம். சாப்பிட்டு, சுபஹ் தொழுது, கொஞ்சம் கண் அயர்ந்து எழும்பினால் மீண்டும் பாடசாலை. பெருநாள் அன்று பகல், புது உடுப்போடு கதிரையில் இருந்தபடியே ராத்தா தூங்கிவிட்டா. பிள்ளைகள் படம் எடுத்துச் சிரித்தார்கள். உம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இது பெருநாளா, பெரு வேலையா?" என்று கேட்டா.

பெருமைக்காக இவ்வளவும் செய்கிறார்கள் என்று ஆண்கள் சிலர் சொல்வதுண்டு. எங்கள் அனுபவம் வேறு. ஒவ்வொரு வகையும் ஒவ்வொருவரை நினைத்துத்தான் சேர்ந்தது. வட்டிலப்பம் இல்லாமல் பெருநாள் இல்லை. ஆனால் அதில் முட்டை இருக்கிறது. அயலில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிற வீடுகள் உண்டு. பெருநாள் வெள்ளிக்கிழமையில் வந்தால் மற்ற வீடுகளிலும் பலர் முட்டை தொடமாட்டார்கள். அவர்களுக்காக முட்டை இல்லாத ஞானகத்தா வந்தது. சீனி வருத்தம் உள்ள பெரியவர்களுக்காக முறுக்கு. பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பல் இல்லை, அவவுக்காக மஸ்கட். சித்திரைக்கு அவர்கள் பயற்றம் உருண்டை தருகிறார்கள், எங்கள் கைப்பக்குவத்தையும் அவர்கள் பார்க்கட்டும் என்று அதுவும். இப்படி மரியாதைக்கு மேல் மரியாதை சேர்ந்து ஒன்பதாகிவிட்டது.

இதில் எங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் முல்லைத்தீவு மாவட்டத்தை விட்டுப் போனது. நாங்கள் வளர்ந்தது புத்தளத்தில். யுத்தம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தோம். வேலை கிடைத்து மாங்குளத்தில் குடியேறினோம். ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கிற இந்த ஊரில் எங்களைச் சுற்றி முஸ்லிம் வீடுகள் அதிகம் இல்லை. பெருநாள் தட்டு படலையைத் தாண்டிப் போகும்போது, பலகாரத்தோடு சேர்த்து, நாங்கள் இங்கே இருக்கிறோம், உங்களோடு இருக்கிறோம் என்ற சொல்லும் போகிறது. தட்டு ஒருபோதும் வெறுமையாகத் திரும்பி வந்ததில்லை. வாழைப்பழம், சீனி, சில நேரம் கொல்லையில் காய்த்த மாங்காய். வருடம் முழுவதும் கூட்டங்களில் பேசுகிற நல்லிணக்கத்தை விட அந்த மாங்காய்க்கு எங்களிடம் மதிப்பு அதிகம்.

ஆகவே தட்டை நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் தட்டில் எத்தனை வகை இருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி.

புத்தளம் முகாமில், கிடுகுக் கொட்டிலில் பெருநாள் எப்படிப் போனது என்று உம்மாவிடம் கேட்டோம். நிவாரணத்துக்குக் கிடைத்த மாவும் சீனியும்தான் கையில். அதைக் கரைத்துச் சுட்ட பணியாரம் ஒரே ஒரு வகை. அதையும் பக்கத்துக் கொட்டில்களுக்குக் கொடுத்தார்களாம். 2022 பெருநாள் எங்களுக்கே நினைவிருக்கிறது. கேஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, மணிக்கணக்கில் மின்வெட்டு. அவன் போட வழியில்லை. விறகு அடுப்பில் வட்டிலப்பம் மட்டும் அவித்தோம். எந்த வீட்டிலும் எங்களை யாரும் குறைவாக நினைக்கவில்லை. அந்த வருடம் கடைசிப் பத்தில் தொழவும் ஓதவும் நேரம் கிடைத்தது. கஷ்டமான வருடம்தான், ஆனாலும் அந்த இரவுகளை நினைத்தால் இன்றைக்கும் மனம் நிறைகிறது.

எங்கள் ஆசிரியர் அறையிலும் இதைப் பேசினோம். கத்தோலிக்கச் சகோதரி ஒருவர் சொன்னார்: "டீச்சர், மார்கழியில எங்களுக்கும் இதுதான். பாலன் பிறப்பு இரவுப் பூசையில நான் கண்ணைத் திறந்து வைச்சிருக்கப் படுற பாடு கடவுளுக்குத்தான் தெரியும்." கேக்குக்கு அவர் பழங்களைப் பிரண்டியில் ஊறவைப்பது வழக்கம். எங்களுக்காக மட்டும் தோடம்பழச் சாற்றில் ஊறவைத்து வேறாக ஒரு கேக் செய்வார். அந்த அன்பை மறக்க முடியாது. ஆனால் அதுவும் அவருக்கு இன்னொரு தட்டு, இன்னொரு இரவு.

2024 ஏப்ரலில் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. மூன்று நாள் இடைவெளியில் எல்லா வீட்டுப் பெண்களும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால். பிறைக் கணக்கில் பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே வரும். 2000ஆம் ஆண்டு டிசெம்பரில் நத்தாரும் பெருநாளும் அடுத்தடுத்து வந்தன. 2033 டிசெம்பரில் திரும்பவும் அப்படி வரும். அதற்குள்ளாவது நாங்கள் எல்லோரும் ஒரு முடிவுக்கு வரவேண்டாமா என்று சொல்லிச் சிரித்தோம்.

மார்க்கம் எங்களிடம் கேட்பது என்ன? தொழுகைக்கு முன் ஸகாத்துல் பித்ர். தலைக்கு ஒரு ஸாஉ, ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசி. பெருநாள் காலையில் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் ஒற்றைப்படையாகச் சில பேரீச்சம்பழங்களைச் சாப்பிட்டுவிட்டே தொழுகைக்குப் போனார்கள் என்று ஸஹீஹுல் புஹாரியில் இருக்கிறது. கடைசிப் பத்து வந்தால் இரவுகளை இபாதத்தால் உயிர்ப்பித்து, குடும்பத்தாரையும் எழுப்பிவிடுவார்கள் என்றும் இருக்கிறது. எங்கள் வீடுகளிலும் அந்த இரவுகளில் பெண்கள் விழித்துத்தான் இருக்கிறோம். ஆண்கள் பள்ளியில் கியாமுல் லைலில் நிற்கிறார்கள். நாங்கள் அடுப்படியில் நிற்கிறோம். ஆயிரம் மாதங்களை விடச் சிறந்த இரவு எங்களுக்கும் சேர்த்துத்தானே இறங்குகிறது?

ஆகவே இந்த வருடம் எங்கள் வீட்டில் எடுத்த முடிவு இது. வகையைக் குறைக்கிறோம், வீட்டைக் குறைக்கவில்லை. தட்டுக்கு ஞானகத்தா, முட்டை இல்லாதது. எல்லா வீட்டுக்கும் போகும். காற்றுப் புகாத டின்னில் போட்டால் கெடாது என்பதால் இருபதாம் நோன்புக்கு முன்னரே சுட்டு முடிக்கிறோம். வட்டிலப்பம் பெருநாளுக்கு முதல் நாள், வீட்டுக்கு வருகிறவர்களுக்கு. அவ்வளவுதான். தேங்காய் துருவுவதும் சட்டி கழுவுவதும் தட்டுக் கொண்டுபோவதும் வீட்டு ஆண்பிள்ளைகளின் பொறுப்பு.

மாமிக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. "தட்டு வெறிச்சோடித் தெரியுமே, சனம் என்ன நினைக்கும்?" என்று நேற்றும் கேட்டா. அவவின் கவலை எங்களுக்கு விளங்குகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தவர்களுக்கு, ஊருக்கு முன்னால் தட்டு நிறைந்திருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கத்தான் செய்யும். ஞானகத்தாவைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுத் தட்டை நிரப்புவோம் மாமி என்று சொல்லியிருக்கிறோம்.

இதை வாசிக்கிற சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். "உங்கள் வீட்டில் இம்முறை எத்தனை வகை?" என்று பெருநாள் அன்று யாரிடமும் கேட்காதீர்கள். இன்று இரவு அடுப்படிக்குப் போய், யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கரண்டியை வாங்கிக்கொண்டு அவரைத் தொழ அனுப்புங்கள்.

அல்லாஹ் எங்கள் எல்லோருடைய நோன்பையும் ஏற்றுக்கொள்வானாக. துஆக்களில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.