ஐம்பது நிமிஷம்

கணக்கில் நான் புலி அல்ல. இருந்தாலும் ஒரே ஒரு தடவை உடன்குடியில் ஒரு கூட்டத்துக்கு நடுவே தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து, தூரத்தை வேகத்தால் வகுத்து விடை சொன்னேன். அந்த விடையை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

2024 ஆவணியில் ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு என் பெரியப்பா காலமானார். கருப்பட்டி வியாபாரி. அவருடைய சிப்பங்கள் தூத்துக்குடியில் தோணியேறிக் கொழும்புக்குப் போன காலம் உண்டு. அவருடைய ஒரே தங்கை வாழ்க்கைப்பட்டதும் கொழும்பில்தான். 1962-இல் தனுஷ்கோடியில் கப்பலேறிப் போன அத்தைக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. தசராவுக்கு வருவதற்கென்று விசா வாங்கித் தயாராக வைத்திருந்தாள். செய்தி சொன்னதும், "நான் வந்துதான் எடுக்கணும்" என்றாள்.

"ஏய்யா, கொழும்பு என்ன தூரம் இருக்கும்? மெட்ராசைவிடக் கிட்டத்தானே?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார்.

அப்போதுதான் தாளை எடுத்தேன். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்கும் சென்னைக்கும் ஆகாய வழியில் சுமார் 530 கிலோமீட்டர். இறக்கையில் காற்றாடி சுழலும் சிறிய விமானம் ஒன்றரை மணியில் வந்துவிடும். கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையமோ வாகைக்குளத்திலிருந்து சுமார் 265 கிலோமீட்டர், சரிபாதி. ஏற இறங்க ஐந்து நிமிஷம் கூட்டி, "ஐம்பது நிமிஷம்" என்றேன்.

"அப்ப மத்தியானத்துக்குள்ளே வந்திருவா. பொறுத்திருப்போம்" என்று பெரியவர் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்படி ஒரு விமானமே கிடையாது என்பது தாளை மடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வாகைக்குளத்திலிருந்து சென்னைக்குப் போகலாம், பெங்களூருக்குப் போகலாம். எதிர்க்கரையில் இருக்கும் கொழும்புக்குப் போக முடியாது. மதுரை விமானத்தில் அன்றைக்கு இடமில்லை. அத்தை வடக்கே சுமார் 650 கிலோமீட்டர் பறந்து, பிற்பகலில் சென்னையில் இறங்கினாள். அதற்குள் தூத்துக்குடிக்கு அன்றைய கடைசி விமானம் போய்விட்டது. மறுநாள் காலையில் 530 கிலோமீட்டர் தெற்கே திரும்பி வந்தாள். 265 கிலோமீட்டரைக் கடக்க 1,180 கிலோமீட்டர்!

1914-இல் பாம்பன் பாலம் திறப்பதற்கு முன்னால், சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர்கள் தூத்துக்குடியில் மாலையில் கப்பலேறி மறுநாள் காலை கொழும்பில் இறங்கினார்கள். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இந்த வழிக்காகத்தான். 2011-இல் மறுபடி ஒரு கப்பல் ஓடிச் சில மாதங்களில் நின்றுபோயிற்று. நீராவிக் கப்பலுக்கு ஓர் இரவு போதும். என் அத்தைக்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதவில்லை.

ஊர் மாலை ஆறு மணி வரை பொறுத்தது. என்னை யாரும் குறை சொல்லவில்லை. பெரியவர் மட்டும் இரண்டு தரம் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

மறுநாள் பத்து மணிக்கு அத்தை வந்தாள். கழுவிவிட்டிருந்த திண்ணையைப் பார்த்தாள். "எத்தனை மணிக்கு எடுத்தீங்க, மருமவனே?"

"ஆறு மணிக்கு, அத்தை."

"ஆறு மணிக்கு நான் மெட்ராசிலே காப்பி குடிச்சிக்கிட்டிருந்தேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

பதினாறாம் நாள் கழிந்து அவளைக் குலசேகரன்பட்டினத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே ராக்கெட் ஏவுதளத்துக்கு அந்த வருஷம் பிப்ரவரியில்தான் அடிக்கல் நாட்டியிருந்தார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால், இலங்கைக்கு மேலே போகாமல் ராக்கெட் வளைந்து செல்லவேண்டும், எரிபொருள் வீண். இங்கிருந்து நேராகவே போகலாம் என்று கடற்கரையில் நின்றபடி விளக்கினேன்.

"வளைஞ்சு போனா வீண்தான்" என்றாள் அத்தை.

2025 ஜூலையில் வாகைக்குளத்தில் புதிய நிலையம் திறந்தார்கள். ஓடுபாதையையும் 3,115 மீட்டருக்கு நீட்டியிருக்கிறார்கள். பெரிய ஜெட் விமானமே இறங்கலாம். போனில் அத்தையிடம் சொன்னேன். "கொழும்புக்கு உண்டா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். இந்தத் தடவை நான் தாளை எடுக்கவில்லை.