காங்கேசன்துறைக் கரையில் ஒரு நாள்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் காலை ரயிலில் போனோம். நான், முகாமில் பல வருடங்கள் பக்கத்துக் கொட்டிலில் இருந்த அக்கா, சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த என் பெறாமகள், மூன்று பேரும். 1990 இல் யுத்தத்தோடு நின்றுபோன இந்தப் பாதையில் 2015 ஜனவரியில்தான் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று பெயர்ப்பலகைகள் வர வர அக்கா யன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. மாவிட்டபுரம் கோவில் பக்கம் வந்ததும் கைகூப்பினார்.

செம்மண் தோட்டங்களில் வெங்காயம் பச்சையாய் நின்றது. அதற்குப் பக்கத்திலேயே கூரையில்லாத வீடுகள். ஒரு வீட்டின் குசினிக்குள் மரம் வளர்ந்திருந்தது.

ஸ்டேசனில் இறங்கிக் கடற்கரைக்கு நடந்தோம். ஒரு காலத்தில் ஊருக்கே வேலை கொடுத்த சீமெந்துத் தொழிற்சாலை 1990 இலிருந்து ஓய்ந்து கிடக்கிறது. கரையில் இராணுவம் நடத்தும் தல்செவன விடுதி. பெறாமகள் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"சித்தி, சிங்கப்பூரிலை கோல்ப் விளையாடுற பெரிய புல்வெளியளை எடுத்து வீடு கட்டுகினம்."

அக்காவுக்குக் கோல்ப் என்றால் என்னவென்று தெரியாது. சிறு பந்தைக் கோலால் அடித்துத் தூரத்திலுள்ள குழிக்குள் விழுத்தும் ஆட்டம் என்று விளங்கப்படுத்தினாள். பதினெட்டுக் குழிகள் உள்ள திடலுக்குச் சாதாரணமாக நூறு ஏக்கருக்கு மேல் வேண்டுமாம். நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். நூறு ஏக்கர் என்றால் 1600 பரப்பு. வீட்டுக்கு இரண்டு பரப்பு என்றால் 800 குடும்பம் குடியிருக்கலாம். வற்றாத ஆறில்லாத எங்கள் குடாநாட்டில் அவ்வளவு புல்லுக்கும் தண்ணீர் எங்கே?

சிங்கப்பூரில் 1904 இல் தொடங்கிய கெப்பல் கிளப் 2022 இல் தன் திடலை விட்டுப் போனது. அங்கே ஏறக்குறைய 9000 வீடுகள் கட்டத் திட்டம். அவற்றில் 6000 அரசாங்க வீடுகள். ஹொங்கொங்கிலும் பன்லிங் என்ற இடத்துத் திடலில் 32 ஹெக்டேயரை 2023 இல் அரசாங்கம் திருப்பி எடுத்தது. அமெரிக்காவில் 2006 இலிருந்து பல வருடங்களாகப் புதிதாகத் திறந்த திடல்களைவிட மூடியவையே அதிகம். ஆட்டம் அழிந்துபோகவில்லை. 2020 இல் கொரோனா வந்தபின் விளையாடுவோர் கூடியும் இருக்கிறார்கள். ஆனால் நகரத்தில் நிலம் குறைந்தால், புல்லா வீடா என்று கேட்காமல் இருக்க முடியாது.

எங்கள் நாட்டில் கொழும்பு, நுவரெலியா, அம்பாந்தோட்டை என்று சில இடங்களில்தான் கோல்ப் திடல் உண்டு. ஆனால் எனக்கு அந்தச் சொல் புதிதல்ல. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக மரங்களிலும் மதில்களிலும் அறிவித்தல் ஒட்டினார்கள். எங்கள் காணிகள் ஹோட்டலுக்கும் கோல்ப் திடலுக்குமா என்ற கேள்வி அந்த நாட்களில் மேடைகளில் எழுந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட காணிக்காரர் வழக்குப் போட்டார்கள். 2015 இலிருந்து காணிகள் துண்டு துண்டாக விடுபட்டன. 2018 ஏப்ரலில் ஒரே தடவையில் 683 ஏக்கர். இன்னும் முழுவதும் விடுபடவில்லை.

என் சீதன வளவு விடுபட்டபோது வீடு இருக்கவில்லை. எல்லைக் கல்லும் இல்லை. கிணற்றைக் கண்டுதான் இடத்தைப் பிடித்தேன். கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும் கல் அப்படியே கிடந்தது. அதில் இருந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு எழும்பிப் பற்றை வெட்டத் தொடங்கினேன்.

அக்காவின் காணி இன்னமும் வேலிக்கு அந்தப் பக்கம். திரும்பும்போது றோட்டில் நின்று பனைகளை எண்ணிப் பார்த்தார்.

"பிள்ளை, அங்கை விளையாடுற இடம் வீடாகுதாம். எங்கடை வீடு இருந்த இடம் திரும்பவும் வீடாகிறதுக்கு ஏன் இவ்வளவு காலம்?"

எங்கள் இருவரிடமும் மறுமொழி இருக்கவில்லை.

சகோதரிகளே, ஒன்று மட்டும் சொல்லுகிறேன். எத்தனை தரம் இடம்பெயர்ந்தும் நான் உறுதியைப் பொலித்தீனில் சுற்றி இடுப்போடு கொண்டுதிரிந்தேன். அக்காவின் உறுதி எரிந்துபோனது. ஆனாலும் காணிப் பதிவுக் கந்தோரில் தோம்பு எடுத்து, பிரதேச செயலகத்தில் தன் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறார். உங்கள் காணி வேலிக்குள் இருந்தாலும் அதன் பெயர், பரப்பு, நாலு எல்லை எல்லாவற்றையும் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள். கேட்க ஆள் இருக்கும் வரை அது வெறும் புல்வெளி அல்ல, ஒருவரின் வளவு.