மின்கம்பியும் தண்டவாளமும்

வெளிநாட்டுச் செய்திகளோடு பல்லாண்டு உழன்றவன் நான். ஒரு நாடு விடுதலை பெற்றால் கொடியேற்றத்தைத் தலைப்பாக்குவோம். அந்நாட்டின் மின்கம்பி எங்கே போகிறது என்று எவரும் கேட்பதில்லை.

எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய பால்டிக் நாடுகள் 1991இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்டன. 2004இல் நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்தன. ஆயினும் அவற்றின் மின்சார அதிர்வெண் மொஸ்கோவிலிருந்தே கட்டுப்படுத்தப்பட்டு வந்தது. 2022இல் ரஷ்ய மின்சாரம் வாங்குவதை நிறுத்திய பின்னரும் அந்தப் பிணைப்பு அறவில்லை. 2025 பெப்ரவரி 8ஆம் திகதிதான் துண்டித்தார்கள். ஒருநாள் தனித்து இயங்கி, மறுநாள் போலந்து வழியாக ஐரோப்பிய மின்வலையமைப்பில் இணைந்தார்கள். அந்த ஒருநாள், அதுவும் கடுங்குளிர் காலத்தில், அப்பொறியியலாளர்கள் உறங்கியிருப்பார்களா?

தண்டவாளத்தின் கதை இன்னும் முடியவில்லை. இந்நாடுகளின் பழைய பாதைகள் ரஷ்யாவைப் போல 1520 மில்லிமீற்றர் அகலமானவை, போலந்தில் 1435. ஐரோப்பிய அகலப் பாதை 2015இல் லித்துவேனியாவின் கௌனாஸ் நகரை எட்டியது. அதற்கப்பால் வடக்கே செல்லும் சரக்கை மாற்றி ஏற்றவேண்டும். படைத் தாங்கிகளுக்கும் இதே கதிதான்.

நேட்டோவின் ஏனைய நாடுகளிலிருந்து தரைவழியே உதவி வருவதானால் சுவால்கி இடைவெளியைக் கடந்தே வரவேண்டும். அது சுமார் 65 கிலோமீற்றர். ஒருபுறம் ரஷ்யாவின் கலினின்கிராட், மறுபுறம் பெலாரஸ். ஆகவேதான் தலின் நகரிலிருந்து போலந்து எல்லைவரை 870 கிலோமீற்றருக்குப் புதிய பாதை அமைக்கிறார்கள். 2030 என்பது இலக்கு. செலவோ ஏறிக்கொண்டே போகிறது. மூன்று நாடுகளிலும் சேர்த்து மக்கள் சுமார் 60 இலட்சம்தான். பயணச்சீட்டு வருமானத்தை நம்பி எவரும் இதனைத் தொடங்கியிருக்கமாட்டார்கள்.