ஸ்டூடியோவுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே

அருமைத் தோழிக்கு,

பாட்டு தயார், அடுத்த வாரமே ஸ்டூடியோ புக் பண்ணப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறுடி. முதலில் என் நாத்தனார் மகன் கூத்தைக் கேள். நான் சொன்னதாக மட்டும் அவளிடம் மூச்சு விட்டுவிடாதே.

பல்லவியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனான் துரை. சரணத்தை அங்கே உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாமாம்! வாடகையோ மணிக்கணக்கு. பாட வந்த பெண் ‘கதவைத் தட்டிப் போன காத்தே’ என்று எடுத்தாள். மெட்டு ‘தட்’டில் போய் இழுக்கச் சொல்கிறது. குறிலை எங்கே இழுப்பது? பாவம், எத்தனை முறை பாடினாலும் ‘தாட்டிப் போன காத்தே’ என்றுதான் விழுந்தது. கீபோர்டுக்காரர் சிரிப்பை அடக்க மாட்டாமல் டீ குடிக்கப் போய்விட்டாராம். கடைசியில் ‘வாசல் தேடிப் போன காத்தே’ என்று மாற்றினார்கள். ‘தே’ தானாக நீண்டு உட்கார்ந்துகொண்டது. மொட்டைமாடியில் ஒருதரம் வாய்விட்டுப் பாடிப் பார்த்திருந்தால் காசில்லாமல் முடிந்திருக்கும் வேலை.

அந்தக் காலத்தில் இந்த இழுபறியெல்லாம் கம்போசிங் அறையோடு சரி. எம்.எஸ்.வி. ஆர்மோனியத்தில் தத்தகாரம் போட, கண்ணதாசன் வரி சொல்ல, பஞ்சு அருணாசலம் எழுதிக்கொள்வார். சந்தத்தில் உட்காராத வரி அங்கேயே அடிபட்டுவிடும். ரெக்கார்டிங்கில் பாடகர் பாட, வாத்தியக்காரர்களும் கூடவே வாசிப்பார்கள்; ஒருவர் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. அங்கே போய் வார்த்தை தேட முடியுமா?

லண்டன் வம்பு ஒன்று சொல்லட்டுமா? பால் மெக்கார்ட்னிக்கு ‘யெஸ்டர்டே’ மெட்டு கனவில் வந்ததாம். வரி வரும்வரை முட்டைப் பொடிமாஸைப் பற்றி ஏதோ உளறலைப் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். யாருடைய மெட்டையாவது திருடிவிட்டோமோ என்று பயந்து, பார்த்தவரிடமெல்லாம் வாசித்துக் காட்டிக் கேட்டிருக்கிறார். (இந்தப் பயம் நம் ஆட்கள் சிலருக்கும் இருக்கக்கூடாதா!) ‘ஹெல்ப்’ படப்பிடிப்பிலும் ஓயாமல் அதையே வாசிக்க, டைரக்டர் ரிச்சர்ட் லெஸ்டர் பியானோவையே தூக்கிவிடுவேன் என்று மிரட்டினாராம். 1965 மே மாதம் போர்ச்சுகலுக்கு விடுமுறைக்குப் போனபோது, கார் பயணத்தில்தான் வரிகள் கைகூடின. ஜூன் 14 அன்று ரெக்கார்டிங். கிதாரோடு பாடியது இரண்டே டேக்! அன்றைக்கே வேறு இரண்டு பாட்டுகளும் முடிந்தன. வயலின், செல்லோ எல்லாம் சேர்ந்தது மூன்று நாள் கழித்து, ஜார்ஜ் மார்ட்டின் யோசனையில்.

சரி, உன் பாட்டுக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே. பல்லவி நன்றாகவே இருக்கிறது. இரண்டாவது சரணம்தான் முதல் சரணமே வேறு சேலை கட்டிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது. அதைத் தூக்கிவிடு, அல்லது பாட்டில் வருகிற பெண் ஏன் ஊரை விட்டுப் போனாள் என்பதையாவது அதில் சொல். உச்சஸ்தாயியில் ‘நீ’ போட்டிருக்கிறாயே, ‘ஈ’யில் தொண்டை இறுகும். அங்கே ‘ஆ’காரம் வருகிற சொல்லாகப் பார்.

திருத்திய பிறகு வாத்தியம் எதுவும் இல்லாமல், தொடையில் தாளம் தட்டிப் பாடி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. அதுவரை அந்த ஸ்டூடியோக்காரருக்கு அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வம்புக்காரி