போவதா, இருப்பதா?

அமெரிக்காவில் பந்து விளையாடும் ஒரு பையன் கலாசாலையில் மேலும் ஒரு வருஷம் படிப்பானா, மாட்டானா என்ற கவலையில் நாம் ஓர் இரவு தூக்கமின்றிக் கிடப்போம் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், அவருடைய மூளையைப் பற்றித்தான் சந்தேகப்பட்டிருப்போம். ஆயினும் அது நடந்தது. 2011-ம் வருஷம் ஜனவரி மாதம் முதல் வாரத்தில், கலிபோர்னியாவில், பாலோ ஆல்டோ நகருக்குச் சமீபத்தில் உள்ள நம் மருமானுடைய வீட்டில் நடந்தது.

மருமான் என்றால் நம் தமக்கையின் புதல்வன். கம்ப்யூட்டர் உத்தியோகம். அந்தப் பிரதேசத்தில் கால் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாசலில்தான் விழ வேண்டும். அவ்வளவு பேர் குடியேறியிருக்கிறார்கள். "ஆறு மாதம் என்னோடு இருந்துவிட்டுப் போ" என்று அக்கா எழுதியிருந்தாள். போனோம். போன இடத்தில் மருமானின் பிள்ளை, 12 வயதுச் சிறுவன், நம்மைத் தன் சிஷ்யனாக ஏற்றுக்கொண்டு அமெரிக்கக் கால்பந்து கற்பிக்க ஆரம்பித்தான்.

கால்பந்து என்பது பெயரளவில்தான். காலுக்கு அதில் அதிக வேலை இல்லை. கையும் தோளும் மார்பும் மோதிக்கொள்ளும் விளையாட்டு அது. பக்கத்துக்குப் பதினொரு பேர். 100 கஜ நீளமுள்ள மைதானம். நான்கு முயற்சிக்குள் 10 கஜமாவது முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிர்க்கட்சிக்குப் போய்விடும். பெரும்பாலும் பந்து முதலில் வந்து சேருவது குவார்ட்டர்பேக் என்பவனுடைய கைக்கு. வந்த பிறகு அவனுக்குக் கிடைப்பது சுமார் மூன்று விநாடி. அதற்குள், ஓடிக்கொண்டிருக்கும் தோழர்களில் யாருக்கு எறிவது என்று தீர்மானித்து எறிந்தாக வேண்டும். எதிரே 300 ராத்தல் எடையுள்ள ஆசாமிகள் அவனைத் தரையோடு தரையாக்கும் நோக்கத்துடன் பாய்ந்து வந்துகொண்டிருப்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதற்கே மூன்று மாதம் யோசிக்கிற ஜாதியைச் சேர்ந்த நமக்கு, இந்த மூன்று விநாடி பெரும் பிரமிப்பை உண்டாக்கிற்று.

நவம்பர் மாதக் கடைசியில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் மைதானத்துக்கே நம்மை அழைத்துக்கொண்டு போனார்கள். 50,000 பேர் உட்காரக்கூடிய இடம். இரண்டு கம்பளிச் சட்டை, ஒரு தலைக்குட்டை, ஒரு போர்வை ஆகிய கவசங்களுடன் போய் உட்கார்ந்தோம். அன்று ஆரெகன் ஸ்டேட் கட்சியை ஸ்டான்போர்டு 38-க்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தோற்கடித்தது. அந்தக் கட்சியின் குவார்ட்டர்பேக் தான் ஆண்ட்ரூ லக். 21 வயது. இங்கிலீஷில் 'லக்' என்றால் அதிர்ஷ்டம் அல்லவா? "பெயரே போதும், வேறு ஜாதகம் வேண்டியதில்லை" என்றாள் அக்கா.

ஜனவரி 3-ந் தேதி மியாமி நகருக்குச் சமீபத்தில் நடந்த ஆரஞ்சு பௌல் பந்தயத்தில் வர்ஜீனியா டெக் கட்சியை ஸ்டான்போர்டு 40-12 என்று வென்றது. அந்த வருஷம் ஆடிய பதின்மூன்று பந்தயங்களில் பன்னிரண்டில் வெற்றி. அதன் பிறகுதான் பிரச்னை எழுந்தது.

அந்நாட்டுச் சட்டதிட்டம் இப்படி: உயர்தரப் பள்ளியை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தால், பையன் கலாசாலையைத் துறந்து சம்பளத்துக்கு ஆடும் கட்சிகளில் சேரலாம். ஆனால் தான் விரும்பிய கட்சியில் அல்ல. வருஷந்தோறும் ஏப்ரல் மாதத்தில் கட்சிகள் வரிசையாக நின்று ஆட்களைப் பொறுக்கி எடுத்துக்கொள்கின்றன. போன வருஷம் எல்லோரையும்விட அதிகமாகத் தோற்ற கட்சி எதுவோ அதற்கே முதல் சலுகை. அந்த வருஷம் அந்தப் பெருமை கரோலினா கட்சியைச் சேர்ந்தது; பதினாறு பந்தயத்தில் இரண்டுதான் ஜயித்திருந்தது. லக் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முதல் ஆளாக எடுக்கப்படுவான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். முந்திய வருஷம் முதலாவதாக எடுக்கப்பட்ட ஸாம் பிராட்போர்டு என்ற குவார்ட்டர்பேக்குக்கு ஆறு வருஷத்துக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் ஆகியிருந்தது. அதில் 5 கோடி, என்ன ஆனாலும் கைக்கு வரும் தொகை.

மருமான் வீட்டில் இரண்டு கட்சி ஏற்பட்டது. "போக வேண்டியதுதான், இதில் யோசனை என்ன இருக்கிறது?" என்பது மருமானின் அபிப்பிராயம். "தோள்பட்டை ஒரு தடவை முறிந்தால் அத்தனையும் காற்றில் போய்விடும், மாமா. அந்தப் பிராட்போர்டே இப்படித்தான் 2009-ல் கலாசாலையில் தங்கினான். முதல் பந்தயத்திலேயே தோளில் அடி. அறுவைச் சிகிச்சை வரை போயிற்று. அதன் பிறகும் முதலாவதாக எடுத்தார்கள் என்பது அவன் செய்த புண்ணியம்" என்றான். அக்காவோ, "படிப்பை அரைகுறையாக விடுகிறதாவது!" என்றாள். நாம் அக்காவின் கட்சி. சிறுவனும் நம் கட்சி. ஆனால் அவனுக்குப் படிப்பைப் பற்றிய அக்கறை ஒன்றும் கிடையாது. லக் போய்விட்டால் அடுத்த வருஷம் ஸ்டான்போர்டு தோற்றுப்போகும் என்பதுதான் அவனுடைய துக்கம்.

நாம் அக்காவின் கட்சியில் சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது.

1961-ல் நாம் பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தோம். மளிகைக் கடையில் கணக்கு எழுதிவந்த தகப்பனாருக்குக் கண் மங்கத் தொடங்கியது. அந்தச் சமயத்தில் தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை காலியாயிற்று, கிடைத்தும் விட்டது. படிப்பை நிறுத்தப் போகிறோம் என்று கேள்விப்பட்டு, கணித ஆசிரியர் மூன்று மைல் நடந்து வீட்டுக்கு வந்தார். "பையனுக்குக் கணிதத்தில் நல்ல புத்தி. இன்னும் ஒன்றரை வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று மன்றாடினார். தகப்பனார் கையைக் கூப்பிக்கொண்டு, "வாஸ்தவம், ஸார். இந்த ஒன்றரை வருஷத்துக்கு அரிசி யார் போடுவது?" என்று கேட்டார். ஆசிரியர் பதில் சொல்லவில்லை. வைத்த காப்பி ஆறிப்போயிற்று.

நாம் வேலைக்குப் போனோம். தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. தகப்பனாரும் காலமானார். ஆனால் அந்தக் கேள்விக்காக நாம் அவரை மன்னிக்கவே இல்லை. மனத்துக்குள் ஓர் ஓரத்தில், பட்டம் பெறாத அந்தப் பையன் ஐம்பது வருஷமாக உட்கார்ந்துகொண்டே இருந்தான். பாலோ ஆல்டோவில் தூக்கம் வராமல் புரண்டது அவன்தான்.

ஜனவரி 6-ந் தேதி, வியாழக்கிழமை, சமாசாரம் வந்தது. லக் போகப்போவதில்லை! கட்டட வடிவமைப்புப் படிப்பை எடுத்திருக்கிறானாம். 2012 வசந்தத்தில் பட்டம் பெறுவதுதான் உத்தேசமாம். சிறுவன் சோபாவின் மேல் ஏறிக் குதித்தான். அக்கா பால் பாயசம் வைத்தாள். நமக்கோ, ஐம்பது வருஷத்துக்கு முந்திய வழக்கு ஒன்றில் அப்பீலில் ஜயித்ததுபோல் இருந்தது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை இன்னொரு சமாசாரம் வந்தது. ஸ்டான்போர்டு கட்சியின் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா, சம்பளக் கட்சியான ஸான் பிரான்ஸிஸ்கோவில் வேலை ஒப்புக்கொண்டுவிட்டார். ஐந்து வருஷத்துக்கு 2 கோடியே 50 லட்சம் டாலர்.

இரவு சாப்பாட்டின்போது மருமான் மெதுவாகக் கேட்டான். "மாமா, நேற்றுப் பையன் இருந்துவிட்டான் என்று பாயசம் சாப்பிட்டோம். இன்று வாத்தியார் போய்விட்டார். அவரை யாராவது 'இரு' என்று சொன்னார்களா? மைதானத்தில் டிக்கெட் விற்கிறார்கள். டெலிவிஷன்காரர்கள் பணம் கொடுக்கிறார்கள். அதில் பையனுக்குக் கிடைப்பது படிப்புச் செலவு, சாப்பாடு, ஜாகை. தோள் அவனுடையது. அடி பட்டால் நமக்கு என்ன நஷ்டம்?"

நமக்குச் சாதம் இறங்கவில்லை. தகப்பனாருடைய குரலே அது. வார்த்தைதான் வேறு. 'அரிசி யார் போடுவது?' என்று அவர் கேட்டது படிப்பை வெறுத்து அல்ல. யோசனை சொல்லுகிறவர் எதையும் இழக்கவில்லை, கேட்கிறவன்தான் இழக்கிறான் என்பதையே அவர் சொன்னார். கணித ஆசிரியர் நல்லவர். மூன்று மைல் நடந்து வந்தவர். அது அவருக்குத் தெரிந்ததனால்தான் பதில் சொல்லாமல் எழுந்து போனார். அன்றிரவு, இத்தனை காலத்துக்குப் பிறகு, தகப்பனாரிடம் மனத்தாலே மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

அதன் பிறகு இந்தியாவுக்குத் திரும்பிவிட்டாலும், இப்படி 'இருந்துவிட்ட' பையன்களின் கதைகளை விடாமல் விசாரித்து வந்தோம். பெய்டன் மானிங் என்பவர் டென்னஸீயில் மூன்றே வருஷத்தில் பட்டத்தை முடித்துவிட்டார். போவதற்குத் தடையே இல்லை. இருந்தும் 1997-ல் இன்னொரு வருஷம் ஆடத் தங்கினார். 1998-ல் முதலாவதாக எடுக்கப்பட்டார். மாட் லைனார்ட் என்பவர் 2005-ல் தெற்குக் கலிபோர்னியாச் சர்வகலாசாலையில் தங்கினார்; பாக்கியிருந்த பாடம் ஒன்றுதான்; அதற்கு அவர் எடுத்துக்கொண்டது நடன வகுப்பு! அடுத்த வருஷம் பத்தாவது ஆளாகப் போனார். அதே கலாசாலையில் மாட் பார்க்லி என்பவர் 2012-ல் ஆடுவதற்குத் தங்கினார். கட்சி சரிந்தது, தோளில் அடி, 2013-ல் 98-வது ஆளாக எடுக்கப்பட்டார். நால்வரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். நால்வருக்கும் நாலு விதமாகப் பலித்தது. ஆகையால், பலனை வைத்துக்கொண்டு 'இருப்பதே தர்மம்' என்றோ, 'போவதே புத்தி' என்றோ உபதேசம் செய்ய இடமில்லை.

லக்கின் கதை என்ன ஆயிற்று? சம்பளக் கட்சிகள் 2011-லேயே புது ஆட்களின் ஊதியத்தை வெட்டிவிட்டன. அந்த வருஷம் முதலாவதாகப் போன காம் நியூட்டனுக்கு நாலு வருஷத்துக்கு ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் டாலர். 2012-ல் பட்டத்துடன் இண்டியனாபொலிஸுக்கு முதலாவதாகப் போன லக்குக்கும் அதே அளவுதான். ஆகப் பையன் இழந்தது ஒரு வருஷ வரும்படி. ஆனால் உடம்பு பின்னால் வட்டியும் முதலுமாக வாங்கிக்கொண்டது. மூத்திரக் கோளத்தில் காயம்; தோளில் அறுவைச் சிகிச்சை; 2017 முழுவதும் ஆட முடியவில்லை. 2019 ஆகஸ்டு 24-ந் தேதி, முப்பது வயது நிரம்பாமலே, போதும் என்று விலகிவிட்டார். (இனி 'அவர்' என்பதுதான் மரியாதை.) அன்று மைதானத்தை விட்டு நடந்துபோனபோது, சொந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டு இகழ்ந்தார்கள். ஒரு காலத்தில் 'இரு' என்றவர்களைப் போலவே இவர்களும். இவர்களுடைய தோளிலும் வலி இல்லை. பிறகு அவர் ஸ்டான்போர்டுக்கே திரும்பிக் கல்வித் துறையில் மேல்பட்டம் பெற்றார். 2024 நவம்பரில் அங்கே கால்பந்துக் கட்சியின் நிர்வாகி ஆனார்.

கேள்வியும் இப்போது மாறிவிட்டது. 2021 ஜூலை முதல் கலாசாலை விளையாட்டுக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. 2025 ஜூலை முதல் கலாசாலைகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றும் ஆகிவிட்டது. அரிசிக்கு வழி பிறந்த பிறகு, இருப்பதும் கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது. தகப்பனார் கேட்டால் தலையை அசைப்பார்.

லக் விலகிய சில வாரங்களுக்கெல்லாம், அமெரிக்காவிலிருந்து ஒரு டெலிபோன் வந்தது. பழைய சிறுவன்தான், கலாசாலையில் மூன்றாம் வருஷம். சிநேகிதர்கள் கம்பெனி ஆரம்பிக்கிறார்களாம். படிப்பை விட்டு வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்களாம்.

"அப்பா ஒன்று சொல்கிறார், பாட்டி ஒன்று சொல்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், தாத்தா?" என்று கேட்டான்.

'இரு' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினோம். "குழந்தாய், நீ இருந்தாலும் போனாலும் எனக்கு ஒரு காசு நஷ்டமில்லை. ஆகையால் என் வார்த்தையை அந்த அளவுக்கே மதித்துக்கொள். நஷ்டம் வந்தால் எது உன்னுடையது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார். அதைப் பார்த்த பிறகும் எதன் மேல் ஆசை மிஞ்சி நிற்கிறதோ அதைச் செய்" என்றோம்.

கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தான். பிறகு, "சரி, தாத்தா. எழுதிப் பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவன் இருந்தானா, போனானா என்று நேயர்கள் கேட்கலாம். தீர்மானித்துவிட்டு அவனே மறுபடி கூப்பிட்டுச் சொன்னான். ஆனால் அதைக் கேட்டு நீங்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து அவனுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். தோள் அவனுடையது, ஆகையால் சொல்லாமலே விடுகிறோம்.