கையெழுத்துக்கு முன்

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கி, அங்கிருந்து வேலூர் பஸ். ரத்தப் புற்றோ என்று சந்தேகம் வந்தால் மலைக்காரர்கள் பலருக்கும் இதுதான் வழி. துணைக்கு வருபவருக்கும் அன்றைய கூலி போகும். மருத்துவ ஆய்வு பற்றிய பேச்சில் இந்தப் பயணத்தை யாரும் சேர்ப்பதில்லை.

*

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ஹீமோபிலியா மரபணு சிகிச்சை ஆய்வு 2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. பங்கேற்றவர்கள் 5 பேர். ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 அவர்கள் உடலில் போதிய அளவு சுரப்பதில்லை. அவரவர் ஸ்டெம் செல்லை எடுத்து, வீரியம் நீக்கிய வைரஸ் மூலம் அதில் சரியான மரபணுவை ஏற்றினார்கள். பிறகு கீமோ கொடுத்து, மஜ்ஜையில் இடம் உண்டாக்கி, அந்தச் செல்லைத் திரும்பச் செலுத்தினார்கள். கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் ஆண்டு ரத்தக்கசிவு விகிதம் பூஜ்யம். காலமெல்லாம் ஊசிக்கு அலைந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! 1986லேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கிய மருத்துவமனை அது. மலைக்கு இத்தனை அருகில் இப்படியொரு ஆய்வு நடப்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை.

*

ஆனாலும் கம்மத்தில் நடந்ததை மறக்க முடியவில்லை. 2009இல், அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போட்டார்கள். பலர் பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோர் இருக்க, விடுதி வார்டன்கள் ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டார்கள். 2010 ஏப்ரலில் அந்த ஆய்வுத் திட்டம் நிறுத்தப்பட்டது. ஊசி போட்ட பிறகு நேர்ந்த சில சிறுமிகளின் மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்றே விசாரணை சொன்னது. இருந்தும் ஒப்புதல் வாங்கிய விதத்தை நாடாளுமன்றக் குழு 2013இல் கடுமையாகக் கண்டித்தது. நல்ல தடுப்பூசிதான்; கேட்காமல் போட்டதால் அதன்மேலேயே சந்தேகம் படிந்தது.

*

மருத்துவ ஆய்வுகளுக்கான 2019 விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. புரியும் மொழியில் விளக்க வேண்டும், படிக்கத் தெரியாதவருக்கு நடுநிலைச் சாட்சி வேண்டும், ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். ஆனால் வலியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் டாக்டரிடம் எப்படி ‘வேண்டாம்’ என்பார்? “நீங்களே பாத்துச் செய்யுங்க சார்” என்பார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

*

ஆய்வு நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்புதல் தாளைக் கையில் கொடுத்து நோயாளியை மலைக்கு அனுப்புங்கள். வீட்டில் பேசி முடிவெடுத்துத் திரும்பி வரட்டும். போகவர பஸ் செலவையும் கொடுங்கள். மாட்டேன் என்று சொன்னாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்பதை முதலில் சொல்லுங்கள்.

பாதியில் விலகவும் அவருக்கு உரிமை உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை.